ஜமால் மாமா அடைத்த பிளவு

வலையில் மாட்டிக் கிடந்த ஜிலேபி மீன்களைப் பிரித்துப் பரிசலில் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கையெல்லாம் செதில். விட்டுவிட்டேன். மறுபடியும் அடித்தது. எடுத்தால், ஏரியூரில் பஞ்சர் கடை வைத்திருக்கும் முருகேசன்.

"எங்கண்ணா இருக்கீங்க?"

"தண்ணில."

"கரைக்கு வந்துட்டு போன் பண்ணுங்க."

"இப்பவே சொல்லேன்."

"வந்துட்டுப் பண்ணுங்கண்ணா."

யாரோ செத்துப்போனார்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. பரிசலில் இருக்கிறவனிடம் சாவுச் செய்தி சொல்ல மாட்டார்கள் எங்கள் பக்கம். கேட்டதும் தன்னை மறந்து எழுந்து நிற்பான், பரிசல் கவிழ்ந்துவிடும். துடுப்பு போட்டுக்கொண்டு வரும் வழியெல்லாம் யாராக இருக்கும் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். படுத்த படுக்கையாக இருக்கிற என் பெரியப்பாவை நினைத்தேன். சேலத்து ஆஸ்பத்திரியில் இருந்த சம்பந்தியை நினைத்தேன். ஜமால் மாமாவை நினைக்கவே இல்லை. அவர் முருகேசன் கடைக்குப் பக்கத்தில் இருந்த தன் ரிப்பேர் கடையில், ட்ரில்லிங் மிஷினுக்கு முன்னால் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தபடியே போயிருந்தார்.

உங்களில் பாதிப் பேருக்கு அவர் மோட்டார் பாய். ஏரியூரில் இருந்து இந்தப் பக்கம் நாகமரை வரைக்கும் அவர் கை படாத பம்புசெட் இருந்தால் அது இன்னும் ரிப்பேர் ஆகவில்லை என்று அர்த்தம். எனக்கு மட்டும் அவர் மாமா. அது எப்படி வந்தது என்றால், மீனால் வந்தது. அவர் மனைவி சபுரா அக்கா தொண்டிப் பக்கத்துக் கடற்கரைப் பெண். கல்யாணம் கட்டி இங்கே வந்த புதிதில் மீன் இல்லாமல் சோறு இறங்கவில்லை. என் மீன் கூடையைப் பார்த்ததும் வாசலுக்கே வந்து, "தம்பி, இங்க கொண்டாங்க" என்று கூப்பிட்டது. ஆசையாக வாங்கிக் குழம்பு வைத்துத் தின்றுவிட்டு, மறுவாரம் வந்தபோது, "உங்க மீனு மண்ணு வாசம் அடிக்குது தம்பி" என்றது. அப்புறம் வருஷக்கணக்காக அதையே சொல்லிக்கொண்டு வருஷக்கணக்காக வாங்கியது. அது என்னைத் தம்பி என்றதால் அவர் எனக்கு மாமா ஆனார். நான் அவருக்கு மாப்பிள்ளை.

வேலையில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த போல்ட்டைப் போட்டாலும் மரையில் கிரீஸ் தடவித்தான் போடுவார். அவசரத்தில் நிற்கிற விவசாயிக்கு எரிச்சலாக இருக்கும். "போடறது பெரிசில்லப்பா. நாளைக்கு எவனோ ஒருத்தன் கழட்டணும், அவன் என்னைத் திட்டக் கூடாது" என்பார். ஒரு தடவை எங்கள் ஊர் சென்னப்பன் கருகிப்போன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து, கரண்டு ஏறி இறங்கி எரிந்துவிட்டது என்று சத்தியம் பண்ணினான். மாமா காயிலை மோந்து பார்த்தார். "தண்ணி இல்லாத கெணத்துல ஓட வுட்டுட்டு வூட்டுல படுத்துத் தூங்குன வாசம் அடிக்குதே சென்னப்பா" என்றார். சென்னப்பன் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு போனவன், அதற்கெல்லாம் சேர்த்துப் பிற்பாடு வாயைத் திறந்தான். அதைச் சொல்கிறேன்.

படகு விஷயத்தில் ஊரில் பலவிதமாகப் பேசுகிறார்கள். கடைசி காலத்தில் பாய்க்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று என் காதுபடவே சொன்னார்கள். அதனால்தான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன்.

பெங்களூரில் இருந்து ஒரு பெரிய மனிதர், வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் கரையில் ஒரு பாய்மரப் படகைக் கொண்டுவந்து வைத்திருந்தார். மரப்படகு, நாலு பேர் உட்காரலாம். அணையில் தண்ணீர் நிறைந்திருக்கும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை வந்து தனியாக ஓட்டிவிட்டுப் போவார். யாரிடமும் அதிகம் பேச மாட்டார். நாங்களும் பரிசல்காரர்கள், அதில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்ததில்லை. அவர் இறந்த பிறகு அவர் மகள் போனில், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். புங்கமரத்தடியில் கவிழ்த்துப் போட்டேன். கீழே ஆடுகள் படுத்துக்கொண்டன. உள்ளே இருந்த நீளப் பலகை ஒன்று ஆட்டுப் பட்டிக்குக் கதவாகி, கறையான் அரித்துக் காணாமல் போனது.

பக்கத்துக் காட்டில் மோட்டார் இறக்க வந்த ஜமால் மாமா அந்தப் படகைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இது பாய் கட்ற படகுதானே மாப்ள?"

"ஆமா மாமா. இப்ப ஆட்டுக் கொட்டாய்."

அவர் சிரிக்கவில்லை. கவிழ்ந்து கிடந்த படகின் முதுகில் உட்கார்ந்துகொண்டார். மீசை முளைக்காத வயதில் அவர் தொண்டிப் பக்கம் வேலைக்குப் போயிருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பாய் கட்டி ஓடுகிற வள்ளங்களுக்கெல்லாம் டீசல் எஞ்சின் மாட்டுகிற வேலை.

"சபுராவோட வாப்பா வள்ளத்துக்கு மாட்டுனதும் நான்தான். அடியில வெட்டி ஷாஃப்ட்ட எறக்குனேன். அன்னிக்கே பாயச் சுருட்டிப் பரண்ல போட்டுட்டாங்க. இவ வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டிருந்தா. 'இந்தாளு வந்துதான் எங்க பாய எறக்குனாரு'ன்னு கல்யாணம் ஆன அன்னிக்கே சொன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. இத்தன வருசமாவும் சிரிச்சுக்கிட்டேதான் சொல்றா."

சபுரா அக்காவுக்குச் சர்க்கரை கண்ணுக்கு ஏறியிருந்தது. தர்மபுரியில் ஊசி போட்டார்கள், லேசர் அடித்தார்கள். இருக்கிற பார்வையும் நிற்காது, பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார்.

"கண்ணு போறதுக்குள்ள ஒரு வாட்டி மாப்ள. தண்ணி மேல, பாய் ஏத்தி, எஞ்சின் சத்தம் இல்லாம. அவளுக்குத் தெரிய வேணாம். முடிச்சிட்டுக் கூட்டியாரலாம்."

இப்படித்தான் ஆரம்பித்தது. அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்தால் மாமா எங்கள் கரைக்கு வந்துவிடுவார். படகில் இருந்த பித்தளைத் திருகாணிகள் பச்சை பூத்துப் புழுவாக இளைத்திருந்தன. கயிறு ஓடுகிற கப்பிகளுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. சுக்கான் தொங்குகிற கீல் கையோடு வந்தது. இருந்ததை இருந்தபடி செய்து வைப்பது மாமாவுக்குப் பிடிக்காது. ஒரு படி மேலே போக வேண்டும். கப்பிகளுக்குள் மொபெட் பேரிங் போட்டார். ஊதினாலே சுற்றியது. சுக்கானுக்குத் துருப்பிடிக்காத எஸ்.எஸ். தகட்டில் கீல் அடித்தார். பாயை ஏற்றுகிற கயிற்றுக்கு, மோட்டார் தூக்குகிற சின்ன கைராட்டினத்தைப் பொருத்தினார்.

பாய்மரத்தை நாலு பக்கமும் இழுத்துப் பிடிக்கிற கம்பிக்கயிறுதான் கிடைக்கவில்லை. மாரண்டஹள்ளிப் பக்கம் ஒருவருடைய பூந்தோட்டத்துப் பசுமைக்குடில் சூறைக்காற்றில் சாய்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். போகிற வழியில் பாலக்கோட்டில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் பஸ் நகராமல் நின்ற கதையைச் சொன்னால் அது தனியாகப் போய்க்கொண்டிருக்கும். தோட்டக்காரர் கன்னடம் பேசுகிற ஆள்.

"கம்பி எதுக்கு பாய்?"

"படகுக்குங்க."

"எங்கூருக்கு குடிக்கிற நீரே லாரில பருது. நீங்க படகு விடறீங்களா?"

சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கம்பியையும் அதை முறுக்கி இறுக்குகிற கொக்கிகளையும் அளக்காமலே எடுத்துக்கொள்ளச் சொன்னார். திரும்பும்போது பாலக்கோட்டில் லாரித் தார்ப்பாய் தைக்கிறவரிடம், படகோடு வந்த, எலி கடித்த பழைய பாயை அளவுக்குக் கொடுத்தோம். நீலத் துணிதான் இருக்கிறது என்றார். நீலமே போதும் என்றோம்.

இனிமேல் சொல்ல வருவதுதான் விஷயம். படகின் அடிவயிற்றில், நட்ட நடுவில், நீளவாக்கில் ஒரு பிளவு இருந்தது. உள்பக்கம் அந்தப் பிளவைச் சுற்றி மரத்தால் ஒரு ஒல்லிப் பெட்டி, பெஞ்சு உயரத்துக்கு. நான் பரிசல்காரன். பரிசலுக்கு அடியில் ஒரு ஊசி ஓட்டை இருந்தாலும் தார் காய்ச்சி அடைப்பேன். மாமாவுக்கோ அதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"பாத்தியா, இதுக்கும் எஞ்சின் வெக்கறதுக்கு எவனோ வெட்டியிருக்கான். வெட்டிட்டு எதுக்கோ வுட்டுட்டான்."

அவர் தன் கையால் எத்தனையோ வள்ளங்களில் வெட்டிய வெட்டு அது. அவருக்கு அப்படித்தான் தெரியும். பெட்டி, சபுரா அக்கா உட்கார வேண்டிய இடத்தில் நந்தியாக நின்றதால் அறுத்து எடுத்தோம். அந்தக் கட்டையில் டீ போட்டுக் குடித்தோம். பிளவுக்கு மேலும் கீழும் எஸ்.எஸ். தகடு வைத்து, நடுவில் பசை ஊற்றி, வரிசையாக போல்ட் போட்டு இறுக்கினார். அன்றைக்கு மட்டும் மரையில் கிரீஸ் தடவவில்லை. இறுக்கி முடித்து ஒவ்வொரு போல்ட்டின் மூக்கையும் சுத்தியலால் நசுக்கினார்.

"இத யாரும் கழட்ட வேணாம் மாப்ள. இந்தப் படகுல எஞ்சின் ஏறாது."

ஆடி முடிந்து தண்ணீர் நிறைந்து நின்ற நாளில் சபுரா அக்காவை ஆட்டோவில் கூட்டிவந்தார். எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை. கரையில் பாதி ஊர் நின்றது. அக்காவைக் கைப்பிடித்துப் படகில் ஏற்றி உட்கார வைத்தோம். மாமா ராட்டினத்தைச் சுற்றச் சுற்ற நீலப் பாய் மரத்தின் உச்சி வரைக்கும் ஏறியது. காற்று பிடித்து ஒரு தடவை படபடவென்று அடித்தது. அக்கா நிமிர்ந்து பார்த்தது.

"அல்லா. பாயா கட்டிருக்கீக?"

"உனக்குத்தான்."

அக்கா நிமிர்ந்த முகத்தை இறக்கவில்லை. அப்புறம், "என்னா வெள்ள" என்றது.

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா பாயைப் பார்த்தார். "ஆமா, வெள்ளதான்" என்றார்.

தள்ளிவிட்டோம். எங்களுக்கு எதிர்க்கரை பண்ணவாடி. காற்று அங்கிருந்துதான் வரும். மாமா தொண்டியில் பார்த்த மாதிரி பாயைச் சாய்த்துப் பிடித்தார், சுக்கானைத் திருப்பினார். படகு முன்னால் போகவில்லை. அப்படியே பக்கவாட்டில் நழுவிக் கரைக்கே வந்து முட்டியது. மறுபடி தள்ளினோம், இன்னும் ஆழத்துக்கு. மறுபடியும் பக்கவாட்டில் நழுவி வந்து வேலிக்காத்தான் புதரில் சொருகிக்கொண்டது. பாய் கிழிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

சென்னப்பனுக்கு நாள் வந்துவிட்டது. "பாய், மாடு கூட மேஞ்சிட்டுத்தான் கொட்டாய்க்குத் திரும்பும். உங்க படகு கயித்த அவுத்ததும் திரும்புதே. நான் வேணும்னா ஒரு மோட்டார் தரட்டுங்களா? தண்ணி இல்லாத கெணத்துல ஓடுன மோட்டாரு."

கரை சிரித்தது. மாமா முள்ளில் இருந்து பாயை விடுவித்துக்கொண்டிருந்தார். அப்போது சபுரா அக்கா கேட்டது.

"அடிப்பலகைய எறக்கலையாக்கும்?"

"என்ன பலகை?"

"தண்ணிக்குள்ள நிக்கிற பலகை. அது புடிச்சாத்தானே காத்து தள்ளாது? வாப்பா வள்ளத்துல வெளிப்பக்கமா எறக்குவாக. சின்னப் படகுன்னா நடுவுல பொளந்து விட்டிருப்பாக, அது வழியா எறங்கும்." சொல்லிக்கொண்டே குனிந்து காலடியில் கையால் தடவியது. தகடு தட்டுப்பட்டது. ஒவ்வொரு போல்ட்டாகத் தடவிக்கொண்டே போய், தகடு முடிகிற இடத்தில் கையை வைத்துக்கொண்டது.

"நான்தான் அடச்சேன்" என்றார் மாமா.

திரும்பும்போது ஆட்டோவில் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க வள்ளத்துல ஒரு ஓட்டையப் போட்டீக. இங்க வந்து ஒரு ஓட்டைய அடச்சீக." மாமாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை என்று மறுநாள் முருகேசன் சொன்னான்.

அந்த வருஷம் தஞ்சாவூர்ப் பக்கத்து வயல்களுக்கு அணையைத் திறந்துவிட்டபடியே இருந்தார்கள். தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. படகை மறுபடி புங்கமரத்தடிக்கு இழுத்தோம், இந்தத் தடவை நிமிர்த்தி வைத்தோம். மாமா தான் நசுக்கிய போல்ட்டுகளைத் தானே அறுக்க உட்கார்ந்தார். அவ்வளவு கெட்டியாகப் போட்டதை எடுப்பது லேசாக இல்லை. கிரைண்டரைப் பிடித்துக் கொஞ்ச நேரம் அறுப்பார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். "மூச்சு வாங்குது மாப்ள, புகைதான்" என்பார். புகை இல்லாத அன்றைக்கும் வாங்கியது. டாக்டரிடம் போகலாம் என்றால், "எனக்கு என்ன, எனக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு" என்று பேச்சை மாற்றுவார்.

தகடும் பசையும் முழுசாக வந்து பிளவு மறுபடி வானத்தைப் பார்த்தபோது அடுத்த மழை வந்துவிட்டது. பெட்டியைத் திரும்பக் கட்ட ஆசாரியிடம் சொல்லியிருந்தார். தண்ணீருக்குள் இறங்கும் பலகையை மரத்தில் செய்யாமல் கெட்டித் தகட்டில் செய்தார். அது தொங்கி ஆடுவதற்கு மேல் மூலையில் ஒரு துளை வேண்டும். அந்தத் துளையைப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவர் தலை மிஷினில் சாய்ந்தது. மத்தியானத் தொழுகைக்குப் பிறகு எடுத்தார்கள். கொஞ்ச தூரம் நானும் தோள் கொடுத்தேன். மண் போடும்போது என் பின்னால் சென்னப்பன் நின்றான். அவனும் ஒரு கைப்பிடி போட்டான்.

ஒரு வாரம் கழித்து மீன் கொண்டுபோனேன். கணவன் போனால் அவர்களில் இத்தா இருப்பார்கள். நாலு மாதத்துக்கு மேல் வெளியே வரக் கூடாது, வெளி ஆண்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது. இத்தனை வருஷம் வாசலில் நின்று என் கூடையைக் கிளறிய அக்கா, அன்றைக்கு ஒரு பூப்போட்ட திரைக்குப் பின்னால் இருந்து பேசியது. மாமாவின் தங்கை வாசற்படியில் உட்கார்ந்திருந்தது.

"தம்பியா?"

"ஆமாக்கா. கெண்டை இருக்கு."

"தண்ணி எம்புட்டு நிக்குது?"

"நெறஞ்சு நிக்குதுக்கா. எங்க சோளக்காட்டு ஓரம் வரைக்கும் வந்திருச்சு."

"காத்து?"

"நல்லா வீசுதுக்கா." எனக்கு வாய் நிற்கவில்லை. "துளை பாதியில நிக்குது. முருகேசன்ட்டக் குடுத்து முடிச்சர்றேன். ஆசாரி பெட்டி கட்டிருவான். ஒரு மாசத்துல ரெடி பண்ணிரலாம்."

"நான் வெளிய வரயில தை பொறந்துரும். அப்ப தண்ணி இருக்குமா?"

தை மாதத்தில் எங்கள் பக்கம் தண்ணீர் உள்வாங்கி, முங்கிப்போன கோயிலின் நந்தி தலையைக் காட்டும்.

"அடுத்த வருசம் வரும்கா."

"தண்ணி வரும் தம்பி."

அப்புறம் அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது.

"அந்தப் பாய் நீலமாமே. போறதுக்கு ரெண்டு நாளைக்கு முந்திச் சொன்னாரு. வெள்ளன்னு பொய் சொல்லிட்டேன் சபுரான்னாரு. அவ்வளவு வருத்தமாச் சொன்னாரு. எனக்கு அன்னைக்குப் பாயே தெரியல தம்பி. வெள்ளையும் தெரியல, நீலமும் தெரியல. படபடன்னு சத்தம் கேட்டுச்சு. வாப்பா பாய் வெள்ள. அதச் சொன்னேன்."

"மாமாகிட்ட..."

"சொல்லல. சொல்லிருந்தா அன்னைக்கே அந்த மனுசன் ஸ்பேனரக் கீழ போட்டிருப்பாரு. அப்பறம் அவரு எதுக்கு எந்திரிப்பாரு?" மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "ஊர்ல அவரக் கிறுக்குங்கிறாகளாமே. அப்படிச் சொல்றவுகட்ட இதச் சொல்லிருங்க. அவரு கிறுக்கில்ல. நான்தான் வாயத் தொறக்கல."

சொல்லிவிட்டேன் அக்கா.

படகு புங்கமரத்தடியில் நிமிர்ந்து கிடக்கிறது. மழை பெய்தால் உள்ளே விழுகிற தண்ணீர் அந்தப் பிளவு வழியாகவே இறங்கிப் போய்விடுகிறது. அதை அடைத்து மீன் பிடிக்க வைத்துக்கொள்ளலாமே என்கிறார்கள். அடைக்க எனக்குக் கை வரவில்லை. அவருடையது என்று என்னிடம் இருப்பது துளை பாதி இறங்கிய அந்தத் தகடு மட்டும்தான். கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறேன். மிச்சத் துளையைப் போட்டுத் தரட்டுமா என்று முருகேசன் கேட்டான். போட்டு என்ன செய்யலாம் என்று கேட்டேன். அவன் தகட்டைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே சாய்த்துவிட்டுப் போனான்.